பழைய மோட்டார் வண்டி நின்றவிடத்தில் ஓய்ந்துபோவதேன்?

பொருநை பாயும் இந்நாட்டுச் சாலைகளிலே பழைய மோட்டார் வண்டிகள் இன்னும் முற்றிலும் மறைந்துபோகவில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற அம்பாஸடரும், பம்பாயிலே செய்யப்பெற்ற பத்மினியும், 1983-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாருதி 800 என்னும் சிறு வண்டியும் இன்றும் சில வீடுகளில் போற்றப்பட்டு வருகின்றன. இவ்வண்டிகளை உடையோர் பலரும் கூறும் முறையீடு ஒன்றுண்டு. ஓடும்போது குற்றமின்றி ஓடுகிறது; ஆக்ஸிலேட்டரினின்று காலை எடுத்தவுடன் யந்திரம் இரண்டொருமுறை குலுங்கி ஓய்ந்துவிடுகிறது என்பதே அது. இதன் காரணத்தை ஒழுங்காய் ஆராய்ந்தறியும் முறையை நமது மாணவ நண்பர்களுக்கு இயன்றவரை விளக்குவதே நமது நோக்கமாகும்.

இஃது ஓர் அற்ப விஷயமன்றோ எனச் சிலர் எண்ணலாம். நெல்லைச் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்கி நிற்கையிலோ, இரயில்வே கடவுப்பாதையைத் தாண்டும் தருணத்திலோ யந்திரம் ஓய்ந்துபோமாயின், அது அற்பமாய்த் தோன்றாது. அன்றியும், பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் பூஸ்டர் அமைந்த வண்டிகளில், யந்திரம் ஓய்ந்தபின் இரண்டொருமுறை மிதித்ததும் அத்துணை தீர்ந்து, பிரேக்கு மிகவும் கடினமாகிவிடும். மலைவழியில் இறங்குவோருக்கு இதனால் விளையும் அபாயத்தைச் சொல்லவேண்டுவதில்லை. மேலும், சிறியதொரு கேஸ்கட் கெட்டதனால் உண்டான குறையை அறியாது, நல்ல வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவோரும் உளர்.

வண்டி நகராது நிற்க, யந்திரம் மட்டும் மெல்ல ஓடும் நிலையைப் பட்டறைக்காரர் ஐடிலிங் என்பர். அந்நிலையில் யந்திரம் நிமிஷத்துக்குச் சற்றேறக்குறைய 750 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு சிலிண்டர் உள்ள யந்திரமாயின் அப்பொழுது நிமிஷத்துக்கு 1500 முறை, அதாவது விநாடிக்கு 25 முறை, நெருப்புப் பொறி விழுந்தாக வேண்டும். வேகமாய் ஓடுங்கால் ஒரு பொறி தவறினும், சுழலும் சக்கரத்தின் விசையே யந்திரத்தை இழுத்துச் சென்றுவிடும். மெல்ல ஓடுங்காலோ அவ்விசை மிகக் குறைவு. தவறிய பொறியை ஈடுசெய்யச் சேமிப்பு யாதொன்றும் இல்லை.

பெட்ரோல் வரும் வழியும் அந்நிலையில் வேறாகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்பொழுது கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்ல, அதனால் இழுக்கப்பட்டுப் பெரிய ஜெட்டினின்று பெட்ரோல் வெளிப்படுகிறது. காலை எடுத்துவிட்டால் திராட்டில் என்னும் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். தொண்டையில் காற்றோட்டம் தணிந்துவிடும். பெரிய ஜெட் வேலை செய்யாது. தகட்டுக்குக் கீழே உண்டாகும் உறிஞ்சு விசை, ஸ்லோ ஜெட் என்னும் ஊசிமுனை போன்ற துவாரத்தின் வழியே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். பெரும்பான்மையான கார்புரேட்டர்களின் அமைப்பு இதுவே. ஆகவே, ஓடும்போது நன்றாய் ஓடுகிறது என்பது பெரிய ஜெட்டுக்கு நற்சான்றாகுமேயன்றி ஸ்லோ ஜெட்டுக்குச் சான்றாகாது.

இதனை நம் நாட்டு உவமை ஒன்றால் விளக்குவோம். கன்னடியன் கால்வாயில் வெள்ளம் நிரம்பி ஓடுங்காலத்தில் கரையிலே ஒரு நண்டுவளை இருப்பின் அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. கோடையில் நீர் குறைந்து ஓடுங்கால், அவ்வளை வழியே கசியும் நீரே கடைமடை வயலைக் காயச் செய்துவிடும். வளை பெரிதாகவில்லை, நீர் குறைந்தமையால் அதன் பங்கு பெரிதாயிற்று. ஐடிலிங் என்பது யந்திரத்தின் கோடைக்காலம். ஓட்டத்தில் மறைந்துகிடந்த சிறு குறைகளெல்லாம் அப்பொழுதே வெளிப்படும். இவ்வுண்மையை மனத்திற் கொள்வோருக்கு மேலே கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

முதலில் செய்யவேண்டுவது கருவியை எடுப்பதன்று. எப்பொழுது ஓய்கிறது என வினவுவதே. காலையிற் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஓயுமாயின் சோக்கைப் பார்க்க வேண்டும். வெகுதூரம் ஓடிச் சூடேறியபின் ஓயுமாயின், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதோ, காயிலோ கண்டென்சரோ உஷ்ணத்தால் தளர்வதோ காரணமாகலாம். மழைநாளில் மட்டும் ஓயுமாயின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் ஈரம் படிந்திருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது ஓயுமாயின் பூஸ்டரின் ரப்பர்க் குழாயில் காற்று புகுகிறதெனச் சந்தேகிக்கலாம். இரவில் விளக்கேற்றியவுடன் ஓயுமாயின் பாட்டரியையும் டைனமோவையும் சோதிக்க வேண்டும். பழைய டைனமோ மெல்லச் சுற்றுங்கால் மின்சாரம் மிகக் குறைவாகவே தரும். வைத்தியன் நாடி பிடிப்பதற்கு முன் நோயாளியின் வரலாற்றைக் கேட்பதை ஒக்கும் இது.

இனிப் பரீட்சை முறையைக் கூறுவோம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மொனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சாதலின், கதவடைத்த ஷெட்டில் யந்திரத்தை ஓடவிடுதல் உயிர்க்கே கேடாம். துண்டின் தலைப்பு விசிறியிற் சிக்காதவாறு காத்துக்கொள்வதும், அருகில் நெருப்பு இராதவாறு பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பொறியை முதலிற் சோதிப்பது நலம்; அது கெட்டிருக்கக் கார்புரேட்டரைத் திருகுவது வீண் வேலை. பிளக்குகளைக் கழற்றி அவற்றின் முனையை நோக்குக. இளம் பழுப்பு நிறமாயின் கலவை சரி. கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி. பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் தேய்ந்து குழி விழுந்திருப்பின் மாற்றிவிடுக; அதன் இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தந்த வண்டிக்குரிய புத்தகத்தின் அளவே பிரமாணம். பின்னர், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், காப்பிட்ட குறட்டினால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாய் எடுத்து மாட்டுக. எந்த ஒயரை எடுத்தபோது ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாத சோம்பேறியாகும்.

அடுத்தது காற்று. கார்புரேட்டரின் அடியிலும் மேனிபோல்டின் இணைப்பிலும் உள்ள கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தாலும், ரப்பர்க் குழாய்கள் பிளந்திருந்தாலும், கணக்கில் வராத காற்று உட்புகும். இதனைக் கண்டறிய, யந்திரம் ஓடுகையில் அவ்விணைப்புகளின்மேல் சிறிது சிறிதாய் நீர் தெளிக்க வேண்டும். பொறி வழங்கும் உறுப்புகளின்மேல் நீர் படலாகாது. எவ்விடத்தில் நீர் பட்டவுடன் ஓட்டம் மாறுகிறதோ அவ்விடமே நாம் தேடிய நண்டுவளை. வாக்குவம் கேஜ் உள்ளவர்க்கு இன்னும் தெளிவு உண்டு. நம் ஊரைப் போன்ற தாழ்ந்த நிலப்பகுதிகளில், நல்ல யந்திரம் ஐடிலிங்கில் பாதரச அளவின்படி 17 முதல் 21 அங்குலம் வரை நிலையாய்க் காட்டும். முள் தாழ்ந்து நிலைத்து நின்றால் காற்றுக் கசிவை ஐயுறலாம். ஒரே சீராய்த் துடித்துக்கொண்டிருப்பின் ஏதோ ஒரு வால்வு சரியாய் மூடவில்லை என்பது பெரும்பாலும் பொருந்தும்.

மூன்றாவது பெட்ரோல். கார்புரேட்டரின் வாயைத் தகடு ஒன்றினால் சிறிதே மறைத்துப் பார்க்க. ஓட்டம் திருந்துமாயின் கலவையில் பெட்ரோல் போதவில்லை. அஃதாவது ஸ்லோ ஜெட் அடைபட்டிருத்தலோ காற்றுக் கசிதலோ உண்டு. ஓட்டம் இன்னும் மோசமாகுமாயின் பெட்ரோல் மிகுதி. மிதவையின் அளவையும் ஏர் பில்டரையும் நோக்குக. தேரிக்காட்டுச் செம்மணல் பறக்கும் பக்கங்களில் செல்லும் வண்டிகளுக்கு ஏர் பில்டர் விரைவில் அடைபடும். ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்வோர் அதனைக் கம்பியாற் குத்தலாகாது, துவாரம் பெருத்துவிடும். காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை.

நம் காலத்துக்குரிய காரணங்கள் இரண்டை ஈண்டுத் தனியே குறிப்பிடுதல் தகும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தமை யாவரும் அறிந்ததே. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியின் பெட்ரோல் டாங்கியில் நீர் தங்கியிருத்தல் கூடும். நீர் பெட்ரோலினும் கனமுடையதாதலின் மிதவைக் கிண்ணத்தின் அடியில் தேங்கி ஸ்லோ ஜெட்டை மறிக்கும். மற்றொன்று, பெட்ரோலிற் கலக்கும் எத்தனால். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து, 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிற்று. தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இக்கலப்புக்குச் சுமார் 13.5 பங்கே போதும். தூய பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய ஜெட் அதே அளவே வழங்குவதால், கலவையில் காற்று மிகுந்துவிடுகிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைத் தளர்த்துவதோடு நீரையும் ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே நெடுநாள் ஓட்டாது நிறுத்திய வண்டியின் பழைய பெட்ரோலை வடித்துவிடுதல் நலம்.

இடத்தின் இயல்பும் நோக்கத்தக்கது. மணிமுத்தாற்றினின்று மாஞ்சோலைக்கு ஏறுங்கால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேற்செல்கிறோம். ஆயிரம் மீட்டருக்குக் காற்றின் செறிவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைதலால், கீழே செம்மையாய் இருந்த கலவை மேலே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். மலைமேல் தடுமாறும் வண்டியை அங்கேயே திருகிச் சரிசெய்வோர், கீழிறங்கியபின் மீண்டும் திருகவேண்டியவராவர்.

பட்டறைகளிலும் வீடுகளிலும் பலர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. ஐடிலிங் ஸ்குருவைத் திருகி வேகத்தை உயர்த்திவிடுவதே அது. வண்டி அப்பொழுது ஓயாது, உரிமையாளரும் மகிழ்வர். கரையின் வளையை அடைக்காது கால்வாயில் நீரை மிகுத்துவிட்டதற்கு அது நிகராம். பெட்ரோல் வீணாகும், கியர் போடுங்கால் நெறுநெறுக்கும், சாவியை நிறுத்திய பின்னும் யந்திரம் குலுங்கி ஓடும், உண்மையான குறையோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். இத்தகைய பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கும் புகைச் சோதனையும் யந்திரம் ஐடிலிங்கில் ஓடும்போதே நடைபெறுவது. அங்கே இக்குறை மறையாது. பொறி, காற்று, பெட்ரோல், வால்வு நான்கும் செம்மையானபின், கடைசியாகத் தொடவேண்டியதே அந்த ஸ்குரு.

கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்ஷன் அமைந்த வண்டிகளும் இப்பொழுது பழையவாகிவிட்டன. அவற்றில் ஸ்லோ ஜெட் இல்லை. ஆயினும் திராட்டில் தகட்டின் விளிம்பிற் படியும் கரியும், ஐடிலிங் காற்றை அளந்துவிடும் வால்வின் அழுக்கும் அதே வேலையைச் செய்யும். உறுப்பு மாறினும் விதி மாறவில்லை.

மாணவ நண்பர்காள்! ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் பயனைக் குறித்துக்கொள்க. காரணம் தெரியாமுன் திருகாதிருக்க. இரசாயன சாலையிலும் பௌதிக சாலையிலும் நாம் பயிலும் முறை இதுவேயன்றோ? அம்முறை பரீட்சைத் தாளோடு முடிந்துவிடாமல், வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டிக்கும் பயன்படுமாயின், கற்ற கல்வி கைக்குதவியதாகும்.