அலுமினா – சிர்கோனியா கூட்டுப்பொருளின் உராய்வும் தேய்மானமும்: செயற்கை இடுப்பு மூட்டை முன்வைத்து

முன்னுரை

கடினமான பொருள் எளிதில் தேயாது என்பது பொதுவான எண்ணம். உலோகங்களுக்கு இது பெருமளவு பொருந்தும். செராமிக் பொருள்களின் தேய்மானத்தையோ கடினத்தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. விரிசல் பரவாமல் தடுக்கும் ஆற்றலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படும் அலுமினா – சிர்கோனியா கூட்டுப்பொருளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

அலுமினாவின் வலிமையும் குறையும்

பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பியர் பூட்டின் 1970இல் அலுமினாவாலான பந்தையும் கிண்ணத்தையும் இடுப்பு மூட்டில் பொருத்தினார். அலுமினாவின் பரப்பில் நீர் எளிதில் பரவும். ஆதலால் மூட்டுநீர் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. ஆயினும் பந்து கிண்ணத்தின் நடுவே அமையாமல் விளிம்பில் அழுந்தும்போது தொடுபரப்பு சுருங்கி அழுத்தம் பெருகுகிறது. படிக மணிகளின் எல்லைகளில் நுண்விரிசல்கள் தோன்றி மணிகள் பெயர்கின்றன. பெயர்ந்த துகள்கள் இரு பரப்புகளுக்கும் இடையே சிக்கி அவற்றை மேலும் கீறுகின்றன. மிதமான தேய்மானம் கடுந்தேய்மானமாவது இவ்வாறே. பந்தின் மீது பட்டை வடிவில் காணப்படும் தேய்வு இதன் அடையாளமாகும்.

சிர்கோனியாவின் பங்கு

சிர்கோனியாவின் உருமாற்றத்தால் செராமிக் பொருளை வலுப்படுத்தலாம் என்பதைக் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகியோர் 1975இல் எடுத்துக்காட்டினர். நாற்கோணப் படிக அமைப்பில் உள்ள சிர்கோனியா மணி, விரிசல் முனையின் தகைவால் ஒற்றைச்சரிவு அமைப்புக்கு மாறுகிறது. அப்போது அதன் கனஅளவு 4 முதல் 5 விழுக்காடு வரை பெருகி, விரிசலை நெருக்கி அதன் பரவலைத் தடுக்கிறது. மூட்டுகளில் பயன்படும் கூட்டுப்பொருள் ஒன்றில் சிர்கோனியாவின் பங்கு கனஅளவில் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. இவ்வளவிலும் விரிசலைத் தாங்கும் திறன் தனி அலுமினாவினும் கணிசமாக உயர்கிறது.

நீரின் எதிர்விளைவு

சிர்கோனியாவின் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாகாதா என்னும் வினா எழலாம். விரிசலைத் தடுக்கும் அதே உருமாற்றம், ஈரச்சூழலில் தகைவு இன்றியும் பரப்பில் மெல்ல நிகழும். மணிகள் பருத்து மேலெழுவதால் பரப்பு சொரசொரப்பாகி உராய்வும் தேய்மானமும் கூடுகின்றன. உலைமுறை மாற்றத்திற்குப் பின் தயாரிக்கப்பட்ட தனிச் சிர்கோனியாப் பந்துகள் சில உடலுக்குள் உடைந்தமையால், 2001இல் அத்தகைய தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன. கூட்டுப்பொருளில் விறைப்பான அலுமினா, சிதறிக் கிடக்கும் சிர்கோனியா மணிகளைச் சூழ்ந்து பிடிப்பதால் இவ்வுருமாற்றம் மட்டுப்படுகிறது.

முடிவுரை

உராய்வுக் குணகம் குறைவாக இருப்பதாலேயே தேய்மானமும் குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. இவை பொருளின் தனி இயல்புகள் அல்ல. பொருள், சுமை, மசகு, சூழல் ஆகியவற்றின் கூட்டு விளைவுகள். எனவே உலர்நிலையில் ஊசி – வட்டு ஆய்வில் பெறும் மதிப்பை மூட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. புரதம் கலந்த மசகு நீர்மம், விளிம்புச் சுமை, நீராவியில் முதிர்வித்தல் ஆகிய மூன்றையும் உட்படுத்திய ஆய்வே நோயாளியின் உடலில் அப்பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஓரளவேனும் முன்னுணர்த்த வல்லது.