உஷார்! வென்டிலேட்டரில் அட்டை, சுவரில் கேஸ் கீசர்

காரைக்கால் வரிச்சிக்குடியில் வீடு வைத்திருப்பவர்கள் முதலில் எழுந்து போய்க் குளியலறை வென்டிலேட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் ஃபிளெக்ஸ் பேனர் துண்டோ, தெர்மகோலோ, அட்டையோ செருகியிருக்கிறதா? அதே அறைச் சுவரில் கேஸ் கீசரும் தொங்குகிறதா? அடைப்பை இப்போதே பிடுங்கிப் போடுங்கள். கீசரை வெளியே மாற்றும்வரை அதைத் திறந்துவிட்டுக்கொண்டு யாரும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க வேண்டாம். குழந்தைகளும் முதியவர்களும் கூடவே கூடாது.

2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாப்பட்டணாவில் அக்காவும் தங்கையும் குளிக்கப் போனார்கள். நெடுநேரமாகியும் வரவில்லை. இருவரும் உள்ளேயே இறந்து கிடந்தார்கள். கேஸ் கீசர் வாயுதான் காரணம் என்றது போலீஸ். 2023 மார்ச்சில் டெல்லியை அடுத்த காசியாபாத் மாவட்டம் முராத்நகரில், ஹோலிச் சாயத்தைக் கழுவப் போன கணவன், மனைவிக்கும் இதே கதி. ஆண்டுக்கு ஆண்டு ஊர் பெயர்தான் மாறுகிறது. சிறிய குளியலறை, மூடிய கதவு, எரியும் கீசர் ஆகிய மூன்றும் மாறுவதில்லை.

'அதெல்லாம் குளிர் பிரதேசத்துச் சங்கதி, நமக்கெதற்கு கீசர்' என்று சொல்ல முடியாது. மார்கழிக் காலையில் பெரியவர்களுக்கு வெந்நீர் வேண்டும். பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கு வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து, இரண்டு பேட்டரி போட்டால் பற்றிக்கொள்ளும் கேஸ் கீசரை வாங்கி மாட்டிவிடுகிறோம்.

வென்டிலேட்டரை அடைப்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கத்துச் சாரல் நேரே உள்ளே அடிக்கும். டெங்குப் பயம். பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் வேறு. கொல்லையில், கிணற்றடியில், கீற்றுத் தட்டி மறைப்புக்குள் குளித்த காலத்தில் காற்றோட்டத்தை நினைக்க வேண்டியதே இல்லை. இப்போது படுக்கையறையை ஒட்டி, ஐந்துக்கு ஏழு அடியில், கீழே இடுக்கே இல்லாத பி.வி.சி. கதவு போட்ட டைல்ஸ் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டடி உயரம் என்றால் 280 கன அடி, அதாவது சுமார் 8 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கீசர், பத்து நிமிடத்தில் அந்தக் காற்றில் ஏறக்குறைய கால் பங்கிலுள்ள ஆக்சிஜனை எரித்துத் தீர்த்துவிடும். அதற்குள் அறையில் ஆக்சிஜன் குறைந்து, கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பத் தொடங்கும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாவதும், கீசர் மேலே கரி படிவதும் இதற்கு அடையாளம். ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் சுடரையா பார்த்துக்கொண்டிருப்பார்?

'கேஸ் கசிந்தால் நாத்தம் வந்துடுமே' என்பார்கள். எரியாத சிலிண்டர் கேஸுக்கு வேண்டுமென்றே சேர்த்த நாற்றம் அது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல்கூட இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். வெந்நீர்க் கிறக்கம் என்று நினைப்பதற்குள் கால் மடங்கிவிடும். இப்படிக் குளியலறையில் மயங்கி, வலிப்பும் வந்தவர்களைப் பார்த்த நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

'எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே' என்பவர்களுக்கு ஒரு கேள்வி: கரண்ட் போனால்? 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது மறந்திருக்காது. மின்சாரம் நின்றால் ஃபேன் நிற்கும். பேட்டரியில் பற்றும் கீசர் நிற்காது. அந்த நேரத்தில் சந்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் புகையிலும் இதே விஷம் இருக்கும். குளியலறை ஜன்னலுக்குக் கீழே அதை வைக்கவே வைக்காதீர்கள். இன்னொன்று: கீழிருந்து காற்று உள்ளே வர வழியில்லாமல் மேலே ஃபேன் மட்டும் சுற்றினால் பெரிதாக எதுவும் வெளியேறாது.

ஆகவே கரண்டை நம்பாத ஓட்டைகள் வேண்டும். மேலே, சன்ஷேடுக்கு அடியில், சாய்வான பட்டைகள் வைத்த ஜாலி போட்டால் சாரல் வராது, காற்று போகும். கொசுவலை அடிக்கலாம், ஆனால் உப்புக்காற்றில் தூசி பிசுபிசுத்து வலைக்கண் அடைந்துவிடும், அவ்வப்போது கழுவ வேண்டும். கீழே கதவில் இரண்டு அங்குலம் அறுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் ஜாலி வைக்கச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாள், வெளியிலிருந்து காசு போட்டுத் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும். கீசரின் இடம் வெளிச்சுவர். குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். 'ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் உள்ளதான் மாட்டுறாங்க' என்று சொல்லும் மெக்கானிக்கை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். மாற்றும்வரை கதவைத் திறந்துவைத்து வாளியில் பிடித்து, கீசரை அணைத்து, சற்று நேரம் கழித்துக் குளிக்கலாம்.

நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத இன்னொன்று, சாம்பிராணி. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டி, காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலெல்லாம் சாத்தி, தூபக்காலில் கரி நெருப்பு வைத்துப் புகை போடுகிறோம். கனலும் கரியும் அதே கார்பன் மோனாக்சைடைத்தான் விடும். தாயையும் சிசுவையும் அந்த அறையில் அடைத்துவைக்கும்படி எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள்.

மழை வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றுவதும் ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின். கனமான வாயு, தரையோடு தங்கும், குனிந்து தேய்ப்பவர் மூக்குக்கு நேரே. கூரையில் கறுப்புப் பூஞ்சை, உப்பில் துருப்பிடித்த கம்பி காரையை உதிர்ப்பதெல்லாம் ஈரம் போகாத அறையின் மெதுவான தொல்லைகள். அவற்றுக்கும் மருந்து அதே ஜாலிதான்.

குளிக்க உள்ளே போனவரிடமிருந்து பதில் இல்லையென்றால் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள், கதவை உடையுங்கள். மூச்சை அடக்கி உள்ளே போய் ஆளை வாசலுக்கு இழுத்துவந்து, சிலிண்டரை மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து 'இப்ப சரியாயிடுச்சு' என்றாலும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே 'பாத்ரூமில் மயங்கிட்டார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றுபோலவே தெரியும். உயிர் ஊசலாடும்போதும் 98 என்று காட்டலாம். கீசர் ஓடியது, ஜன்னல் மூடியிருந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.