கவினை மாற்ற முடியாத ‘வெண்பா’!

திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பேரனிடம் வீடியோ காலில் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் பதில் வாங்கும் பாட்டிகளுக்கு ‘வெண்பா’ கதை புதிதல்ல. என்ன, இது ஒரு வீடியோ கேம்!

டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. 1980-களில் கனடாவில் குடியேறும் வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது, கிழிந்தும் அழிந்தும். விட்டுப்போனதை ஊகித்து இட்லி அவிப்பது நம் வேலை. சொதப்பினால் மறுபடி அவிக்கலாம். கதையில்தான் அந்தச் சலுகை இல்லை. மகன் கவின் வளர வளர தமிழைவிட்டு விலகுகிறான். அவனுக்கு வெண்பா சொல்லும் பதிலைச் சில இடங்களில் நாமே தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவன் விலகத்தான் செய்கிறான்.

‘பிறகு எதற்கு நம்மைக் கேட்க வேண்டும்?’ என்ற கோபம் நியாயம்தான். 2012-ல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ இதற்காகத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. ‘உங்கள் முடிவுகள் கதையை மாற்றும்’ என்று மூன்று பாகங்களாக ஆசை காட்டிவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முடிவு. ரசிகர்கள் கொதித்ததில், சில மாதங்களிலேயே நீட்டித்த முடிவை இலவசமாகத் தர வேண்டியதாயிற்று.

‘வெண்பா’ அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தவிர, சரியான பதிலைத் தட்டினால் மகன் தமிழ் பேசுவான் என்று அமைத்திருந்தால், பேசாத பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் தப்பான பட்டனை அழுத்தியவர்கள் என்றாகிவிடாதா?

பின்பகுதியில் ஆட்டம் கைமாறுகிறது. இப்போது நாம்தான் கவின். அதே புத்தகம், அதே தமிழ். எழுத்துக்கூட்டி வாசித்துச் சமைக்க வேண்டும்.