வெட்டிக் கொடுத்த துண்டு

மார்சிலிங்கில் எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. வானொலியில் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான் திரும்பும்போது வீடே தூங்கியிருக்கும். தொட்டிக்குள் சீனியா பவளம் மட்டும் கைகளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருக்கும். “மீனே இல்லாத மீன்தொட்டிக்கு இவ்வளவு மின்கட்டணமா?” என்பது அப்பாவின் நிரந்தரப் புகார். இரண்டு மீன்கள் இருக்கின்றன. ஒளிந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

பவளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் ‘கல்’. அதுவும் ஒரு கடல் உயிர் விட்டுச் சென்ற கூடுதான். எட்டுக் கைகள் கொண்ட பவள இனம் அது. நான் வளர்க்கும் மென்பவளங்கள் அதற்குத் தூரத்து உறவு. கடினப் பவளங்களைப்போல இவை சுண்ணாம்புக் கூடு கட்டுவதில்லை. உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுத்துவிடும். அதனால்தான் புதிதாகத் தொடங்குவோருக்கு இவற்றைப் பரிந்துரைக்கிறார்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி வெப்பம். தொட்டி நீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். நான் ஆரம்பத்தில் உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்! குழாய் நீரை அப்படியே ஊற்றவும் கூடாது. அதில் உள்ள குளோராமின், ஓரிரவு வாளியில் வைத்தால் போய்விடாது.

இனப்பெருக்கம்தான் சுவையான பகுதி. காளான் வடிவ ‘லெதர்’ பவளத்தின் தொப்பியிலிருந்து கூர்மையான பிளேடால் ஒரு கீற்றை வெட்டினால், அது தனிப் பவளமாக வளரும். வெட்டுவது எளிது. ஒட்டவைப்பதுதான் பாடு. வழவழப்பு சுரப்பதால் பசை நிற்காது. சிறு கல்லில் கீற்றை வைத்து, மெல்லிய வலைத்துணியால் தளர்வாகக் கட்டி, நீரோட்டம் மிதமான இடத்தில் விட்டுவிடுவேன். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். தாய்ப் பவளம் சில நாள் கோபித்துக்கொண்டதுபோல் சுருங்கிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் வெட்டுப்பட்ட பவளம் நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிடும். அன்றே கொஞ்சம் நீரை மாற்றி, வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுவது என் வழக்கம். சீனியாவுக்குப் பிளேடே வேண்டாம். பக்கத்தில் ஒரு கல்லை வைத்தால் தானாகவே ஏறிக் குடியேறிவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ‘பொத்தான் பவளம்’ என விற்கப்படும் சோவாந்திட்களில் சில, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு கொண்டவை. அவற்றைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லைச் சமையலறையில் கொதிநீரில் போடவே போடாதீர்கள். ஆவியே ஆபத்து.

ஒருமுறை ஈப்போவில் உறவினர் திருமணத்துக்காக நான்கு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மின்விசிறி நின்றிருந்தது. வெப்பமானி 32 காட்டியது. மூன்று ஆண்டாக வளர்த்த லெதர் பவளம் கரைந்து, தொட்டி முழுவதும் நாற்றம். புகார் சொல்லும் அப்பாதான் அன்று ஒன்றும் பேசாமல் வாளி வாளியாக நீர் இறைத்தார்.

மறுநாள் ஈசூனில் இருக்கும் நண்பரிடம் வருத்தத்தைக் கொட்டினேன். “உன் பவளம்தான் என்கிட்ட இருக்கே!” என்றார். ஓராண்டுக்குமுன் நான் வெட்டிக் கொடுத்த கீற்று, அவர் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. நான் கொடுத்ததையே மறந்துவிட்டேன்.

நம் கடலிலும் இதே கதைதான். 1998, 2010, 2016, 2024 என மீண்டும் மீண்டும் கடல் சூடாகி, பவளங்கள் நுண்பாசியை இழந்து வெளுத்தன. சிங்கப்பூர் நீரில் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் உள்ளன. தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய 100,000 பவளத் திட்டத்தில், செயின்ட் ஜான்ஸ் தீவுத் தொட்டிகளில் பவளத் துண்டுகளை வளர்த்துக் கடலில் நடுகிறார்கள். அதற்குக் குறைந்தது பத்தாண்டு ஆகும்.

இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த துண்டை வாங்குவதில் எனக்குப் பிடித்தது, அதற்காகக் கடலில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை என்பதே. ராமேஸ்வரம் போகிறவர்கள் கரையொதுங்கிய பவளத்தை நினைவுப்பொருளாக எடுத்து வந்துவிடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் பவளப்பாறை உயிர்களுக்குப் புலிக்கு இணையான பாதுகாப்பு உண்டு.

ஈசூன் நண்பர் பாதியை வெட்டித் தந்தார். உப்புநீர் நிரப்பிய பையை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டியில் மார்சிலிங் வந்து சேர்ந்தேன். இப்போது அது மீண்டும் தொப்பி விரிக்கிறது. அப்பா தினமும் காலையில் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.