அழாமல் அடக்கிய துக்கம் தலைவலியாக வருமா? ஹோமியோபதி சொல்வதும் ஆய்வுகள் சொல்வதும்!

மலையோ சமவெளியோ, தலை வலித்தால் நம்மில் பலர் முதலில் நாடுவது பெட்டிக்கடை மாத்திரையைத்தான். வலி மாதக்கணக்கில் தொடர்ந்தால், "மனசுல எதையோ போட்டு அழுத்திக்கிட்டு இருக்கே" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது உண்மையா?

ஜவ்வாது மலையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இங்கு, மலையாளி பழங்குடியினர் சாமை விளைவித்து, தேன், புளி சேகரித்து வாழ்கிறார்கள். அந்த வருமானம் போதாமல் பலர் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி போலீஸார் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கணவனை இழந்த மறுநாளே அடுப்பையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டிய பெண்ணின் துக்கம் எங்கே போகும்?

உப்பும் ஒரு மருந்து!

உடலுக்குள்தான் போகும் என்கிறது ஹோமியோபதி. ஜெர்மனி மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-ல் முன்வைத்த முறை இது. தலைவலி என்று போனால் எந்தப் பக்கம் வலி, வெயிலில் கூடுமா என்பதோடு, 'யாரையாவது இழந்தீர்களா, கோபத்தை விழுங்குவீர்களா' என்றும் கேட்பார்கள். அழாமல் அடக்கிய பழைய துக்கத்துக்கு நேட்ரம் மூர், அதாவது சாதாரண உப்பிலிருந்து தயாரிப்பது. புதிய துக்கத்துக்கு இக்னேஷியா. விழுங்கிய கோபத்துக்கு ஸ்டாபிசாக்ரியா.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மனஅழுத்தத்துக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டு என்பதை நவீன மருத்துவமும் ஏற்கிறது. அழுத்தத்தில் கழுத்து, தோள் தசைகள் இறுகும், மைக்ரேன் கிளம்பும். ஆனால், மருந்து விஷயத்தில் பதில் வேறு. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு கவுன்சில் அறிவித்தது. '30சி' வீரிய மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை.

பிறகு எப்படிச் சிலருக்குக் குறைகிறது? தலைவலி தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடுவோம். அடுத்து அது இறங்கவே செய்யும். இன்னொரு காரணம், யாரிடமும் சொல்லாததை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பது. அந்த ஆறுதல் நிஜம்.

என்ன செய்யலாம்?

* எந்த நாளில், எதற்குப் பிறகு வலி வந்தது என்று குறித்து வையுங்கள். தூக்கம், சாப்பாடு, தண்ணீர் தவறிய நாள்களையும் எழுதுங்கள்.

* வலி மாத்திரையை மாதம் 15 நாள்களுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தரும். சில கலவை மாத்திரைகளுக்கு 10 நாள்களே எல்லை.

* ஹோமியோபதி எடுத்தாலும், டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* திடீரென இடி விழுந்ததுபோல் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், அடிபட்ட பின் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி... இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லையா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டிலும் அடிக்கடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அம்மாவோ அக்காவோ இருக்கலாம். மாத்திரையை நீட்டும் முன், "என்னம்மா ஆச்சு?" என்று பக்கத்தில் உட்காருங்கள்.