காருக்கு ஒரு கூலிங் கிளாஸ்!



கண்ணுக்கு கூலிங் கிளாஸ் போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரின் தலைக்கு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் போட்டோம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! முதல் தடவை ஏன் உடைந்தது, இரண்டாவது தடவை ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இறுதியாண்டு பிராஜெக்டுக்காக எங்கள் பேட்ச்சில் ஆறு பேர் சேர்ந்து, ஸ்கொயர் டியூப்பில் சட்டம் அடித்து, பழைய ஸ்கூட்டர் எஞ்சினை வைத்து ஒரு சின்ன கார் கட்டினோம். மேலே தகரம் போட்டால் ஆட்டோ மாதிரி இருக்கும், ஒளி ஊடுருவுகிற புகை நிற பிளாஸ்டிக் ஷீட் போட்டால் கெத்தாக இருக்கும் என்று முடிவாயிற்று.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1954-லேயே ஃபோர்டு கம்பெனி 'ஸ்கைலைனர்' என்ற காரில் கூரையின் முன்பாதியைப் பச்சை நிற அக்ரிலிக்கில் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் விமானி அறைக்கு மூடியாக இருந்த அதே அக்ரிலிக்தான். பார்க்க அழகு, ஆனால் வெயிலில் உள்ளே உட்கார முடியவில்லை என்று புகார் வந்தது. உள்ளே இழுத்து மூட ஒரு திரையும் தந்தார்கள். 1956-க்குப் பிறகு அந்த வகைக் கூரையையே கைவிட்டார்கள்.

எந்த ஷீட்?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று அக்ரிலிக். பளபளப்பாக இருக்கும், வெயிலில் மஞ்சளாகாது, ஆனால் அடிபட்டால் உடையும். இன்னொன்று பாலிகார்பனேட். சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால் அதில் ஒரு பக்கம் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் காசு போச்சு! இரண்டுமே கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. நாங்கள் 4 மி.மீ. அக்ரிலிக் வாங்கினோம். தலைக்கு 300 ரூபாய்.

உடைந்த கதை

ஓட்டை போட்டதும் ஸ்க்ரூ முறுக்கியதும் நான்தான். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்குச் சரியாக 5 மி.மீ. ஓட்டை. ஆடக் கூடாது என்று முழு பலத்தோடு இறுக்கினேன். சாயங்காலம் பார்த்தால் அருமையாக இருந்தது.

மறுநாள் மதியம் நல்ல வெயில். மூன்று மணிக்குத் திடீரென்று ஒரு மழை. 'டப்'பென்று ஒரு சத்தம்! ஓட்டையிலிருந்து குறுக்கே ஒரு கோடு. ஷீட் போச்சு.

"மட்டமான ஷீட்டைத் தலையில் கட்டிட்டான்" என்று நண்பர்கள் கடைக்காரரைத் திட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

என் அப்பா ஒரு பட்டறையில் டிங்கர். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் உடைந்த துண்டைக் காட்டினேன். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இவ்ளோ டைட்டா புடிச்ச? தகரமே வெயில்ல நீளும். இது பிளாஸ்டிக்கு. நகர எடம் விட வேணாமா?" என்றார்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். முதல் வருஷம் பிசிக்ஸில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே சூத்திரம்தான்:

விரிவு = நீளம் × விரிவுக் குணகம் × வெப்ப மாற்றம்

ஷீட்டின் நீளம் 1200 மி.மீ. அக்ரிலிக்கின் குணகம் ஒரு டிகிரிக்கு 0.00007. இரும்புக்கு 0.000012. கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனால் வெயிலைத் தானே குடித்துச் சூடேறும். அதனால் வெப்ப மாற்றம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டேன்.

அக்ரிலிக்: 1200 × 0.00007 × 40 = 3.36 மி.மீ.
இரும்பு: 1200 × 0.000012 × 40 = 0.58 மி.மீ.

வித்தியாசம் ஏறக்குறைய 2.8 மி.மீ. நான் விட்ட இடமோ பூஜ்யம்! நீள இடமில்லாமல் ஷீட் உப்பி, ஓட்டைகளில் அழுத்தம் ஏறியது. மழையில் சட்டென்று சுருங்கியதும் பிசிறு இருந்த ஓட்டையில் கிழிந்துவிட்டது.

மறுநாள் நண்பர்களிடம், "ஷீட் மேல தப்பு இல்லடா, என் மேலதான்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "சரி, அடுத்த ஓட்டையும் நீயே போடு" என்றான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்து அடுத்த ஷீட்டுக்குப் பணம் சேர்த்தேன்.

பொருத்தும் முறை

1. ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காமலே அளவு குறித்து, நைஸ் பல் பிளேடு போட்ட ஜிக்சாவில் அறுக்கவும். சட்டத்தை விடச் சுற்றிலும் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

2. வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிறகு 220, 400, 600 நம்பர் எமரித் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். பிசிறு இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

3. இரும்புக்குப் போடும் டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும். அப்பா அதன் வெட்டு முனையைக் கல்லில் லேசாக மழுக்கிக் கொடுத்தார். அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் துளைக்கவும்.

4. 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 9 மி.மீ. ஓட்டை. நடு ஓட்டை மட்டும் சரி அளவில் இருக்கலாம். அப்போது ஷீட் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1.4 மி.மீ. நகரும், நாம் விட்டதோ பக்கத்துக்கு 2 மி.மீ. ஓட்டைக்கும் ஓரத்துக்கும் 20 மி.மீ. தூரம் வேண்டும்.

5. சட்டத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டை. பி.வி.சி. பட்டை வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப்பசை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மேலே ரப்பர் வாஷர், அதன்மேல் அகலமான இரும்பு வாஷர்.

6. ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அரைச் சுற்று பின்னால் விடவும். மழைத்தண்ணீர் புகாமலிருக்க நியூட்ரல் சிலிக்கான் போடவும். புளிச்ச வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் வேண்டாம்.

7. அழுக்கானால் சோப்புத் தண்ணீர் மட்டும். பெட்ரோல், தின்னர் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

ஒரு எச்சரிக்கை: இது கல்லூரி வளாகத்துக்குள் மெதுவாக ஓடும் கார். வண்டி கவிழ்ந்தால் இந்தக் கூரை யாரையும் காப்பாற்றாது. அதனால் கூரைக்குக் கீழே இரும்புச் சட்டத்தைக் குறுக்கே விட்டிருக்கிறோம். ரோட்டில் ஓடும் பதிவான வண்டியின் கூரையை இப்படி வெட்டி மாற்றிவிடாதீர்கள்! 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்காது.

கண்காட்சி அன்று அப்பா வந்தார். நான் படிக்கும் கல்லூரிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மதிய வெயிலில் ஷீட் சுட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் கை வைத்து லேசாக அசைத்துப் பார்த்தார். "ம்... நகருது" என்றார். பக்கத்தில் சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்த சூத்திரத்தைக் காட்டி, "இதுல என்னடா எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதாம்பா" என்றேன்.

நண்பர்களே, பரீட்சைக்குப் படித்த சூத்திரங்களைப் பரீட்சையோடு மறந்துவிடாதீர்கள். ஓட்டை போடுவதற்கு முன் ஒரு தடவை நோட்டைப் புரட்டுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு