சீரியல்–ஈதர்நெட் மாற்றி

ஒரு பக்கம் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் இணைப்பு, மறுபக்கம் ஈதர்நெட். 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 முறையில் பேசும் மீட்டர்களையும் ரிலேக்களையும் இப்பெட்டி இன்றைய நெட்வொர்க்கில் சேர்க்கிறது.

சீரியல் கேபிள் ஓர் அறைக்குள்ளேயே இருந்தவரை கதவின் பூட்டே காவல். நெட்வொர்க்கில் சேர்ந்ததும், கடவுச்சொல்லே கேட்டறியாத பழைய கருவி எங்கோ இருப்பவருக்கும் எட்டுகிறது.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், தொலைவிலிருந்தே பிரேக்கர்களை அணைத்தனர். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. துணைமின் நிலையங்களில் இருந்த இத்தகைய மாற்றிகளின் ஃபர்ம்வேரையும் அவர்கள் சிதைத்துவிட்டதால் தொலைக்கட்டளைகள் போய்ச் சேரவில்லை. ஊழியர்கள் நேரில் சென்று, கையால் பிரேக்கர்களை இயக்கி மின்சாரத்தை மீட்டனர்.

பாதுகாக்கும் வழிகள்: கையொப்பம் சரிபார்த்த ஃபர்ம்வேர், டிஎல்எஸ் குறியாக்கம், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுதல், டெல்நெட்டை அணைத்தல், ஃபயர்வாலுக்குப் பின்னால் தனி நெட்வொர்க்.